ரப்பர் ராட்சசனும் ரெண்டு குட்டிப் பாடகிகளும்

உலகத்தில் ஆண்கள் இரண்டு வகை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் 'ஜயன்ட் ரோபோ' பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு வகை. அந்த நேரத்தில் ஹோம்வொர்க் எழுதி, உருப்பட்டு, இன்று மேனேஜர்களாக இருப்பவர்கள் இன்னொரு வகை.

நாங்கள் முதல் வகை.

நாங்கள் என்றால் நாலு பேர். பெயர் எதற்கு? ஆபீஸில் எங்களை டிபார்ட்மென்ட் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச், சிஸ்டம்ஸ், அப்புறம் அடியேன். (சிஸ்டம்ஸ் மட்டும் விதிவிலக்கு. எண்பதுகளில் அவன் பிறக்கவே இல்லை.) மதியம் ஒன்றரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால், பேச்சு இன்கிரிமென்ட்டில் தொடங்கினாலும் சரி, கிரிக்கெட்டில் தொடங்கினாலும் சரி, சாம்பார் சாதம் முடிந்து தயிர் சாதம் வருவதற்குள் ஏதாவது ஒரு ராட்சசப் பல்லியில் வந்து நிற்கும்.

போன மாதம் சிஸ்டம்ஸ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அண்ணே, நீங்க சொன்னீங்களேன்னு அந்த ஜயன்ட் ரோபோவை போன்ல பார்த்தேன். உள்ள ஆள் இருக்கறது பச்சையா தெரியுது. கட்டடம் எல்லாம் அட்டை. இதைப் பார்த்தா பயந்தீங்க? இதைப் பார்த்தா அழுதீங்க?"

ஊறுகாயோடு அந்தரத்தில் நின்றது அக்கவுண்ட்ஸின் கை. பையன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாத அரட்டையின் சாரம்தான் இது.

கடிகாரத்தில் பேசிய பையன்

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 'ஜயன்ட் ரோபோ' 1967-68ல் ஜப்பானில் எடுத்த டி.வி. தொடர். மொத்தம் 26 எபிசோட். மிட்சுதேரு யோகோயாமா என்ற சித்திரக் கதைக்காரரின் படைப்பு. அமெரிக்காக்காரர்கள் ஆங்கிலத்தில் டப் செய்தார்கள். அது சுற்றி வளைத்து இங்கே வந்தபோது எங்களுக்கு அரை டிராயர் வயசு.

ஜானி என்று ஒரு பொடியன். கைக்கடிகாரத்தில் அவன் உத்தரவு போட்டால் எகிப்து ராஜா மாதிரித் தலை கொண்ட ஒரு பிரம்மாண்ட ரோபோ பறந்து வந்து எதிரியைத் துவம்சம் பண்ணும். விரல் நுனியிலிருந்து ராக்கெட் வேறு! அப்பாவின் ஹெச்.எம்.டி. வாட்ச்சைத் திருடிக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நின்று கத்தாத பையன் எங்கள் தெருவில் இல்லை.

கடைசி எபிசோடில் அந்த ரோபோ வில்லனைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போய் ஒரு விண்கல்லில் மோதி வெடித்துவிடும். 'திரும்பி வா, திரும்பி வா' என்று ஜானி கடிகாரத்தில் கதறுவான். அதுவரை சொன்ன சொல் தட்டாத ரோபோ அன்றைக்கு மட்டும் கேட்காது.

"நான் ராத்திரி சாப்பிடலை" என்றான் அக்கவுண்ட்ஸ். "இன்னிக்கும் ஆடிட்டர் முன்னால கூட கலங்காதவன்டா நான்."

அட்டைக் கட்டடம், ரப்பர் உடை, வாய் அசைவுக்கும் குரலுக்கும் ஒட்டாத டப்பிங். அப்புறம் எப்படி அழுதோம்? அதற்குப் பதில் தேட வேண்டுமென்றால், இந்த ரப்பர் உடைகளுக்கெல்லாம் பாட்டனாரைப் பார்க்க வேண்டும்.

சாம்பல் மழை

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவுப் பக்கம் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அவர்கள் கணக்குப் போட்டதைவிட இரண்டரை மடங்கு பலமாக, 15 மெகாடன் அளவுக்கு வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல சுமார் ஆயிரம் மடங்கு.

தடை செய்த எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானியப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. 23 பேர். படகின் பெயர் 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்'. அதிர்ஷ்டம்! வானத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சாம்பல் கொட்டியது. என்னவென்று தெரியாமல் அவர்கள் கையால் அள்ளிச் சுத்தம் செய்தார்கள். ஊர் திரும்புவதற்குள் எல்லோரும் நோயாளிகள். ரேடியோ ஆபரேட்டர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். வயது 40.

ஹிரோஷிமாவுக்கு ஒன்பதே வருஷம் கழித்து இது. ஜப்பான் முழுக்க மீன் வாங்கவே பயந்தார்கள்.

அந்த வருஷம் நவம்பர் 3ம் தேதி தோஹோ கம்பெனி ஒரு படம் வெளியிட்டது. முதல் காட்சியே நடுக்கடலில் ஒரு கப்பல், திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், தீ. அணுகுண்டுச் சோதனையால் கலைக்கப்பட்டு கடலடியிலிருந்து எழுந்து வருகிறது ஐம்பது மீட்டர் ராட்சசன். பெயர் கோஜிரா. கொரில்லாவையும், திமிங்கிலத்துக்கான ஜப்பானியச் சொல்லான குஜிராவையும் ஒட்டுப்போட்ட பெயர். வெளிநாட்டுக்குப் போனபோது 'காட்ஸில்லா' ஆயிற்று.

டைரக்டர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும்போது ஹிரோஷிமா இடிபாடுகளைக் கண்ணால் பார்த்தவர். படத்தில் ஒரு காட்சி. டோக்கியோ எரிகிறது. ஒரு தாய் தெருவோரமாகக் குழந்தைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இனிமேல் அப்பாகிட்டே போயிடலாம் என்கிற மாதிரி அவர்களைத் தேற்றுகிறாள். அப்பா என்ன ஆனார் என்று படம் சொல்லவில்லை. அன்றைய தியேட்டரில் யாருக்கும் சொல்லவும் தேவையிருந்திருக்காது.

"அதான் சார் விஷயம்" என்றார் டெஸ்பாட்ச். அவர் எங்களில் மூத்தவர். அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். "உடை ரப்பர். உள்ளே இருக்கற பயம் ரப்பர் இல்லை."

எங்கள் சண்டைக்கு முதல் பதில் அங்கே கிடைத்துவிட்டது. சுமார் 96 லட்சம் டிக்கெட் விற்றது படம். அத்தனை ஜனமும் பொம்மை பார்க்கப் போகவில்லை.

நூறு கிலோ சட்டை

ஆனால் அந்த ரப்பரையும் கேவலமாகப் பேசக்கூடாது.

ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்த எய்ஜி சுபுராயா, 1933ல் வந்த 'கிங் காங்' படத்தின் பரம ரசிகர். அதில் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஃபிரேம் ஃபிரேமாகப் படம் எடுத்திருப்பார்கள். அவருக்கும் அப்படி எடுக்கத்தான் ஆசை. ஆனால் வருஷக்கணக்கில் ஆகும். கம்பெனி கொடுத்ததோ சில மாதம். (நம் ஆபீஸ் ப்ராஜெக்ட் மாதிரி.) சரி, ஆளை உள்ளே போட்டுத் தைத்துவிடு என்று முடிவாயிற்று.

தைத்த உடை சுமார் நூறு கிலோ! உள்ளே போனவர் ஹருவோ நகாஜிமா. ராட்சசன் எப்படி நடப்பான் என்று பழக, உயேனோ மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில், மூச்சு முட்டும் உடைக்குள், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோவை மிதித்துத் தள்ளினார். 1972 வரை காட்ஸில்லா உடைக்குள் இருந்தது பெரும்பாலும் இந்த மனிதர்தான்.

பெரிய உருவத்துக்குக் கனம் வர ஒரு தந்திரம் செய்தார்கள். காமிராவை வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் திரையிட்டார்கள். அசைவு மெதுவாகிவிடும். ஒவ்வொரு காலடியும் 'தொம்... தொம்...' என்று விழும். விழும் செங்கல்கூட நிதானமாக விழும்.

அந்த உறுமல்? எந்த மிருகமும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, தோல் கையுறையில் பிசின் தடவி, டபுள் பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியை இழுத்து உருவாக்கிய சத்தம். அதை டேப்பில் மெதுவாக ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

சிஸ்டம்ஸ் விடவில்லை. "இப்ப இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணலாமே அண்ணே?"

பண்ணலாம். 2023ல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' அப்படித்தான் வந்தது. டைரக்டர் தகாஷி யமசாகியே எஃபெக்ட்ஸையும் கவனித்தார். எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் 35 பேர்தான். ஹாலிவுட்டில் இந்த மாதிரிப் படங்களுக்கு நூற்றுக்கணக்கில் ஆள் போடுவார்கள். 2024 மார்ச்சில் அந்தப் படத்துக்கு எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார். எழுபது வருஷத்தில் காட்ஸில்லா வாங்கிய முதல் ஆஸ்கார்! அதிலும் கதை என்ன தெரியுமா? போரிலிருந்து உயிரோடு திரும்பிய குற்ற உணர்ச்சியில் தூக்கம் வராத ஒரு விமானி. கம்ப்யூட்டர் மாறலாம். சரக்கு அதேதான்.

ஒரு அடி உயரப் பாடகிகள்

இப்போது பாட்டு. ராட்சசப் படத்தில் பாட்டா என்று கேட்டால், நீங்கள் 'மோத்ரா' பார்த்ததில்லை என்று அர்த்தம்.

1961ல் அதே ஹோண்டா, அதே சுபுராயா. இந்த முறை ராட்சசன் ஒரு விட்டில் பூச்சி. ஒரு தீவில் ஒரு அடி உயரத்தில் இரண்டு குட்டிப் பெண்கள். அவர்கள் பாடினால் மோத்ரா வரும். பேராசைக்கார வியாபாரி ஒருவன் அந்தப் பெண்களைக் கூண்டில் பிடித்துவந்து டோக்கியோ மேடையில் டிக்கெட் போட்டுப் பாட வைக்கிறான். பெண்கள் பாடுகிறார்கள். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். அது உதவி கேட்டுக் கூப்பிடும் பாட்டு என்று கை தட்டுகிறவர்களுக்குத் தெரியாது. கடலுக்கு அப்பால் முட்டை ஒன்று அசைகிறது...

புல்லரிக்கிறதா இல்லையா?

நடித்தவர்கள் நிஜமாகவே பாடகிகள். எமி இத்தோ, யுமி இத்தோ என்ற இரட்டையர். 'தி பீநட்ஸ்' என்ற பெயரில் அன்றைக்கு ஜப்பானில் கொடிகட்டிப் பறந்த பாப் ஜோடி. யூஜி கோசேக்கி இசையமைத்த மோத்ரா பாட்டின் வார்த்தைகள் ஜப்பானிய மொழி அல்ல. தீவுக்காரர்கள் பாஷையாக இருக்கட்டும் என்று இந்தோனேஷியப் பக்கத்து மொழியில் எழுதினார்கள். அவர்களுடைய வேறொரு காதல் பாட்டு சோவியத் ரஷ்யா வரை போய் ஹிட்டாயிற்று. 1966ல் அமெரிக்காவின் எட் சல்லிவன் ஷோவில் பாடினார்கள். 1975ல் சத்தமில்லாமல் மேடையை விட்டு இறங்கினார்கள். எமி 2012ல் போனார், யுமி 2016ல்.

"பாப் பாட்டு பாடினா பூச்சி வரும்னு நம்பணுமா?" என்று சிஸ்டம்ஸ் சிரித்தான்.

"மகுடி ஊதினா பாம்பு வரும்னு நம்பின ஊர்லேர்ந்து வந்துட்டு பேசாதே" என்றான் அக்கவுண்ட்ஸ். அன்றைய செஷன் அத்துடன் முடிந்தது.

இவருக்குப் பதில் இவர்

மறுநாள் லண்டன். 1963 நவம்பர் 23ம் தேதி பி.பி.சி.யில் 'டாக்டர் ஹூ' ஆரம்பமானது. கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள்! ஊரே வேறு கவலையில் இருந்ததால், அடுத்த வாரம் முதல் எபிசோடை மறுபடியும் போட்டார்கள். போலீஸ் டெலிபோன் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தைக் கடந்து போகும் ஒரு டாக்டரின் கதை. பெட்டி வெளியே சின்னது, உள்ளே பெரியது. (எங்கள் ஆபீஸ் லிஃப்ட் இதற்கு நேர் எதிர்.) முதல் கதையை டைரக்ட் செய்தவர் வாரிஸ் ஹுசைன். நம் லக்னோவில் பிறந்தவர்.

1966ல் ஹீரோ வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு சரியில்லை. நம் சீரியல் என்றால் 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டுவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் அதையே கதையாக்கினார்கள். டாக்டர் சாகும் நிலைக்கு வந்தால் உடம்பு மாறிப் புது மனிதராவார்! இந்த ஒரு ஐடியாவால் தொடருக்குச் சாவே இல்லாமல் போயிற்று. 1989ல் நிறுத்தியும் 2005ல் எழுந்து வந்துவிட்டது.

அதன் டைட்டில் இசையைக் கேட்டிருக்கிறீர்களா? சிந்தசைசர் கடைக்கு வராத காலம். ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்த ஸ்வரங்களை வைத்துக்கொண்டு டெலியா டெர்பிஷயர் என்ற 26 வயதுப் பெண், ஒரு தந்தியின் ஒற்றை 'டங்' சத்தத்தையும், ஆஸிலேட்டர் ஊளைகளையும் டேப்பில் பதிந்து, வேகத்தை மாற்றி, ஒவ்வொரு ஸ்வரமாக பிளேடால் வெட்டி ஒட்டி உருவாக்கினார். கேட்ட கிரெய்னரே, இதை நானா எழுதினேன் என்று அசந்துபோனாராம். பாதி ராயல்டி அவருக்கும் போகட்டும் என்று நினைத்தார். ஆபீஸ் விதி இடம் கொடுக்கவில்லை. டெலியா 2001ல் காலமானார். டைட்டிலில் அவர் பெயர் வந்தது 2013ல், ஐம்பதாம் ஆண்டு ஸ்பெஷலில்.

"ஐம்பது வருஷமா அரியர்ஸ் வராம இருந்திருக்கு பாருங்க" என்றார் டெஸ்பாட்ச். அவர் கஷ்டம் அவருக்கு.

அதே இசையை வைத்து 1988ல் பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி என்ற இரண்டு விஷமக்காரர்கள் ஒரு பாட்டுத் தயாரித்தார்கள். பழைய பாட்டுகளை வெட்டி ஒட்டி, பாடியது தங்கள் பழைய கார் என்று அறிவித்தார்கள். பிரிட்டனில் நம்பர் ஒன்! உடனே 'நம்பர் ஒன் பாட்டுப் போடுவது எப்படி' என்று புத்தகமும் போட்டார்கள். கடைசியில் 1994 ஆகஸ்டில் ஒரு ஸ்காட்லாந்துத் தீவில், சம்பாதித்ததில் பத்து லட்சம் பவுண்டை நோட்டு நோட்டாகத் தீயில் போட்டுக் கொளுத்தினார்கள்.

அக்கவுண்ட்ஸ் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "வவுச்சர் என்னன்னு போட்டிருப்பாங்க?" என்றான்.

மைக் பிடித்த பையன்கள்

இனி விளையாட்டில்லாத விஷயம்.

அறுபது, எழுபதுகளில் வீடியோ டேப் விலை அதிகம். ஒருமுறை ஒளிபரப்பியதை யார் மறுபடி கேட்கப்போகிறார்கள் என்று பி.பி.சி. பழைய டேப்களை அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்தது. 'டாக்டர் ஹூ'வில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் இப்படிக் காணாமல் போய்விட்டது. 2013ல் ஒன்பது எபிசோடுகள் எங்கே கிடைத்தன தெரியுமா? நைஜீரியாவில் ஒரு டி.வி. நிலையத்தில்.

ஆனால் காணாமல் போன எல்லா எபிசோடுகளுக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. எப்படி? ரசிகர்கள். ஸ்கூல் பையன்கள் உள்பட சிலர், வாரா வாரம் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தார்கள். யாரும் சொல்லவில்லை, காசு கொடுக்கவில்லை. ஒரு பெரிய நிறுவனம் தூக்கிப் போட்டதை, பெரியவர்கள் 'வேலையத்த வேலை' என்று திட்டியிருக்கக்கூடிய பையன்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' கதையும் இதே. 1968ல் நிறுத்தப் பார்த்தார்கள். ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டு இன்னொரு வருஷம் ஓட வைத்தார்கள். 1976ல் அதே மாதிரிக் கடிதம் போட்டு, நாஸாவின் முதல் ஷட்டிலுக்கே 'என்டர்பிரைஸ்' என்று பெயர் வைக்க வைத்தார்கள்.

நம் பக்கம் பாருங்கள். 1931ல் வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்றைக்கு அதன் பிரதி ஒன்றுகூடக் கைவசம் இல்லை. டி.பி.ராஜலக்ஷ்மி அதில் எப்படிப் பாடினார் என்று கேட்க நமக்கு வழியில்லை. அன்றைக்கு மைக் பிடித்துக்கொண்டு உட்கார ஒரு பையன்கூட இல்லை.

இதைச் சொன்னதும் டெஸ்பாட்ச் டிபன் பாக்ஸை மூடினார். அவரிடம் ஒரு கேசட் இருக்கிறதாம். 1983ல் ரேடியோ முன்னால் டூ-இன்-ஒன்னை வைத்து இலங்கை வானொலிப் பாட்டுகளைப் பதிந்தது. நடுவில், பாட்டுக்கு மேலே, அவர் அம்மா குரல் கேட்கும். 'காப்பி ஆறிப் போறதுடா, வந்து குடி.'

"அன்னிக்கு பாட்டைக் கெடுத்துட்டாளேன்னு அம்மாவைத் திட்டினேன் சார். அம்மா போய் பதினெட்டு வருஷம் ஆச்சு. அந்தப் பாட்டு எந்தக் கடையிலயும் கிடைக்கும். அந்தக் காப்பி எங்கே கிடைக்கும்?"

சிஸ்டம்ஸ் அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய், பழைய டேப் டெக் ஒன்றை லேப்டாப்பில் இணைத்து, இரண்டு பக்கமும் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். ரப்பரைப் பார்த்து எப்படி அழுதீர்கள் என்று அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். கேசட், வீடியோ டேப், யாரோ டி.வி.யிலிருந்து பதிந்தது, யாரோ மழலையில் பாடியது. டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவில் பூசிய காந்தத் துகள். ஈரமும் வெயிலும் அதற்கு எமன். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே பிளேயரில் செருகாதீர்கள், நாடாவும் போகும், பிளேயரும் போகும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்கள். அதற்குள் பழைய பேப்பர்காரர் வந்துவிடப் போகிறார்!